பழைய தொடர்கதைத் தொகுப்பு வாங்கப் போய் நான் இழந்த 32,000 ரூபாய்

அம்மாவுக்கு இப்போது 84 வயது. 2022 செப்டம்பர் 30ஆம் தேதி பொன்னியின் செல்வன் படத்தின் முதல் பாகம் வெளியானது. அதற்கடுத்த வாரம் திருச்சியில் ஒரு திரையரங்குக்கு அம்மாவை அழைத்துப் போனேன். படம் முழுவதும் ஒரு வார்த்தை பேசாமல் பார்த்தார். வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போதுதான் வாயைத் திறந்தார். "எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வந்தியத்தேவன் முகம் இது இல்லையே. மணியம் போட்ட முகம் வேறு. மேலக்காவேரி வீட்டு அலமாரியில் அட்டை போட்டு வைத்திருக்கிறோமே, அதை எடுத்து வாயேன். எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, நீ படித்துக் காட்டு" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் தொடங்கியது எனக்கு ஆறு மாத அலைச்சல். பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும், யாரிடமும் சொல்லாமல் தனியாகப் புழுங்கியதுதான் பெரிய வேதனை. முன்கூட்டியே யாராவது நாலு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிக்கு மேல் தவிர்த்திருப்பேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த அட்டை போட்ட புத்தகங்கள் எங்கள் குடும்பத்துக்கு என்னவாக இருந்தன என்று முதலில் சொல்ல வேண்டும். பொன்னியின் செல்வன் 1950 அக்டோபர் 29 இதழில் தொடங்கி 1954 மே வரை, மூன்றரை ஆண்டுகள், ஓவியர் மணியம் வரைந்த படங்களோடு கல்கி இதழில் வாராவாரம் வந்தது. தொடங்கியபோது அம்மாவுக்கு 11 வயது. கும்பகோணம் மேலக்காவேரியில் தாத்தா வீட்டுத் திண்ணையில் பெரியம்மா உரக்கப் படிப்பாராம். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் வேலையை முடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்களாம். அடுத்த இதழ் வரும்வரை நந்தினி நல்லவளா கெட்டவளா என்று கிணற்றடியில் வாதம் நடக்கும். கதை முடிந்ததும் தாத்தா இதழ்களிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, வரிசைப்படுத்தி, தைத்து, காலிகோ துணி ஒட்டிய அட்டை போட்டு ஐந்து பாகமாகக் கட்டுவித்தார். நானும் சின்ன வயதில் கோடை விடுமுறையில் அதைத்தான் படித்தேன். கதை படிக்கும்போது பக்கத்தின் பின்புறத்தில் பாதியில் நிற்கும் வேறு சிறுகதையும், கூந்தல் தைல விளம்பரமும் சேர்ந்தே கண்ணில் படும். அந்தச் சுகம் கடையில் வாங்கும் அச்சுப் புத்தகத்தில் கிடைப்பதில்லை.

மாமா காலமான பிறகு அந்த வீடு நான்கு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்தது. நவம்பரில் ஒரு சனிக்கிழமை நான் மட்டும் போனேன். கூடத்தின் மேற்குச் சுவரில் பதித்த மர அலமாரி. கதவைத் திறந்ததும் எனக்கு உயிர் வந்தது. ஐந்து தொகுதிகளும் அப்படியே வரிசையாக நின்றன, முதுகில் தாத்தா வெள்ளை மையில் எழுதிய எண்கள்கூட அழியவில்லை. மூன்றாம் தொகுதியை இழுத்தேன். கையில் எடை இல்லை. முதுகுத் துணியும் மேலட்டையும் மட்டும் கையோடு வந்தன. உள்ளே இருந்த பக்கங்கள் மண்ணாகிப் பொலபொலவென்று காலில் கொட்டின. சுவரிலிருந்து பலகை வழியாகக் கரையான் ஏறி, வெளியே ஒரு துளை தெரியாமல், உள்ளிருந்தே தின்றிருக்கிறது. மண்ணுக்குள் குழல் குழலாக வழி. ஒரு துண்டுத் தாளில் ஒரு கையும் வாளின் பிடியும் மட்டும் மிஞ்சியிருந்தன. அந்தத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

பழைய புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். முதுகைப் பார்த்து ஏமாறாதீர்கள். மாதம் ஒருமுறையாவது ஒவ்வொன்றையும் வெளியே எடுத்துப் பிரித்துப் பாருங்கள். சுவரில் பதித்த அலமாரியில், அதுவும் ஈரம் இழுக்கும் சுவரில், எந்தப் புத்தகத்தையும் வைக்காதீர்கள். இரும்பு அலமாரியாக இருந்தாலும் சுவரை ஒட்டி நிறுத்தாமல் அரை அடி தள்ளி நிறுத்துங்கள். சுவரோரத்தில் பென்சில் கோடு போல் மண் ஓடுவது தெரிந்தால் அன்றைக்கே ஆளை வரவழையுங்கள். இராமபாணப் பூச்சி வேறு வகை. அது அட்டை ஒட்டிய பசைக்காக வருவது. அந்தக் காலத்தில் பைண்டிங் செய்பவர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்தது பூச்சி வராமல் இருக்கத்தான். கரையானுக்கோ பசை தேவையில்லை, தாளே போதும்.

அன்று நான் இன்னொரு தவறும் செய்தேன். இரண்டாம் தொகுதியின் நடுவில் கொஞ்சம் பக்கங்கள் தப்பியிருந்தன. பின்னால் எண்ணிப் பார்த்தபோது 31 அத்தியாயங்கள். ஈரமாக, பூஞ்சை வாசனையோடு இருந்தன. மொட்டை மாடியில் நல்ல வெயிலில் பரப்பினேன். இரண்டு மணி நேரத்தில் அப்பளம் போல் விறைத்து, ஓரங்கள் தொட்டாலே உடைந்தன. இதழ் அச்சிடும் மலிவான தாள் ஏற்கெனவே வயதாகி நொய்ந்திருக்கும். வெயில் அதை இன்னும் முறித்துவிடும். நிழலில், மின்விசிறிக் காற்றில், பக்கங்களுக்கு இடையே மை இல்லாத உறிஞ்சுதாளோ வெள்ளைத்தாளோ வைத்து, நாள்கணக்கில் பொறுமையாக உலர்த்த வேண்டும். கரையான் பட்டதை மற்றப் புத்தகங்களோடு ஒரே பெட்டியில் போடவும் கூடாது. மெல்லிய தூரிகையால் மண்ணைத் தட்டி, தனி உறையில் போட்டு, ஓரிரு வாரம் கண்காணித்த பிறகுதான் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

திருச்சிக்குத் திரும்பியதும் அம்மாவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. "பைண்டிங் விட்டுப்போயிருக்கிறது, சரிசெய்யக் கொடுத்திருக்கிறேன்" என்றேன். அந்தப் பொய்தான் மேற்கொண்டு நடந்த எல்லாவற்றுக்கும் காரணம். பொய்யை உண்மையாக்க வேண்டுமானால் அதே போன்ற தொகுப்பு ஒன்றை எங்கிருந்தாவது வாங்கியாக வேண்டும். தம்பியிடம் கேட்டால் அம்மா காதுக்குப் போய்விடும் என்று அவனிடமும் சொல்லவில்லை. சென்னை போய் திருவல்லிக்கேணி பாரதி சாலையின் ஞாயிற்றுக்கிழமை நடைபாதைக் கடைகளில் ஒருநாள் முழுக்கத் தேடினேன். அங்கே ஒருவர் கொடுத்த எண்ணில்தான் அந்த வியாபாரியைப் பிடித்தேன். "மணியம் படத்தோடு முழுத் தொகுப்பு, ஐந்து பாகமும் இருக்கிறது. படம் வந்த பிறகு கேட்டு ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள். 26,000 ரூபாய். நீங்கள் அம்மாவுக்காகக் கேட்கிறீர்கள் என்பதால் இரண்டு நாள் வைத்திருக்கிறேன்" என்றார். தொலைபேசியில் மூன்று புகைப்படங்கள் அனுப்பினார். மூன்றும் முதல் பாகத்தின் படங்கள். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அன்றே 12,000 முன்பணம் அனுப்பினேன். பார்சல் போடுவதற்கு முன் மீதி 14,000 வேண்டும் என்றார், அதையும் அனுப்பினேன்.

டிசம்பர் மூன்றாம் வாரம் பார்சல் வந்தது. கூலி 480 ரூபாய். அம்மா மதியம் தூங்கும் நேரத்தில் பின்கட்டில் வைத்துப் பிரித்தேன். முதல் தொகுதி அருமையாக இருந்தது. வீராணம் ஏரிக்கரையில் குதிரை மேல் வந்தியத்தேவன், ஆடிப் பெருக்கு, எழுபத்து நான்கு கணவாய்களிலும் தண்ணீர் பாய்ந்தோடும் அந்தக் காட்சி, ஓவியத்தின் மூலையில் மணியம் கையெழுத்து. எனக்கு நெஞ்சு அடைத்தது. இரண்டாம் தொகுதியை எடுத்தேன். நடுவில் ஒன்பது அத்தியாயங்கள் இல்லை. மூன்றாவதைப் பிரித்ததும் ஏதோ இடறியது. ஓவியம் வேறு மாதிரி இருந்தது, கையெழுத்தும் வேறு. எழுத்தும் அச்சும் புதுசாகத் தெரிந்தன. நான்காவதும் அப்படியே. ஐந்தாவதில் பாதி, இதழிலிருந்து பிரித்ததே இல்லை. ஏதோ அச்சுப் புத்தகத்தைக் கிழித்து நடுவில் செருகியிருந்தார்கள். கடைசி இருபது அத்தியாயங்கள் அடியோடு கிடையாது.

அந்தக் கதையைக் கல்கி இதழ் பின்னாளிலும் மறுபடி மறுபடி தொடராக வெளியிட்டது என்பதும், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு ஓவியர்கள் வரைந்தார்கள் என்பதும் எனக்கு அதற்குமுன் தெரியாது. முதல் முறை வந்ததற்கும் மறுபதிப்புத் தொடருக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது எப்படி என்று அதன்பிறகு நானாகவே கற்றுக்கொண்டேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எந்தப் பழைய தொடர்கதைத் தொகுப்புக்கும் இது பொருந்தும்.

கதையைப் பார்க்காதீர்கள், பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். அங்கே இருக்கும் விளம்பரம்தான் உண்மையைச் சொல்லும். விலை 1-8-0 என்று ரூபாய், அணா, பை கணக்கில் இருக்கிறதா? அப்படியானால் பழசு. நம் நாட்டில் தசம நாணயம் வந்தது 1957 ஏப்ரல் 1ஆம் தேதி. 'நயா பைசா' என்று ஓரிடத்தில் அச்சாகியிருந்தாலும் அந்தப் பக்கம் 1954இல் முடிந்த தொடரின் பக்கமாக இருக்க முடியாது. முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் அது 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது, ஏனென்றால் அந்தக் குறியீடு வந்ததே அப்போதுதான். என்னிடம் வந்த மூன்றாம் தொகுதியில் ஒரு பிரஷர் குக்கர் விளம்பரத்தின் அடியில் ஆறு இலக்கமும் பளிச்சென்று இருந்தது. அடுத்து எழுத்து. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. அதற்குமுன் 'லை', 'னை' போன்ற எழுத்துகள் முன்னால் துதிக்கை தூக்கியது போல் சுழியோடு இருக்கும். 'றா', 'னா', 'ணா' மூன்றும் கால் தனியாக நிற்காமல் வளைந்து ஒட்டியிருக்கும். பக்கம் முழுக்கப் புது எழுத்தாக இருந்தால் அது ஐம்பதுகளின் இதழ் இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பழைய எழுத்து இருந்தால் மட்டும் ஐம்பதுகளுடையது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அறுபதுகளிலும் அதே எழுத்துதான். அதற்கு விளம்பர விலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது அத்தியாயக் கணக்கு. பொன்னியின் செல்வனில் புது வெள்ளம் 57, சுழற்காற்று 53, கொலை வாள் 46, மணிமகுடம் 46, தியாக சிகரம் 91, ஆக மொத்தம் 293. எந்த நாவலைத் தேடினாலும் இப்படி ஒரு கணக்கை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையிலோ கைப்பையிலோ வைத்துக்கொண்டு போங்கள். நேரில் போக முடியாவிட்டால், ஒவ்வொரு தொகுதியையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டிக் காட்டும் காணொளி கேளுங்கள். தர மறுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எது எது குறைகிறது என்பதை அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுக்காதீர்கள். நாளைக்கு வேறு ஆள் வாங்கிவிடுவார் என்று அவசரப்படுத்தினால் அதுவே நிறுத்திக்கொள்வதற்கான அடையாளம். எனக்கு இருந்தது ஆசையும் குற்ற உணர்வும் கலந்த அவசரம். விற்பவருக்கு அது குரலிலேயே தெரிந்துவிடுகிறது.

அவரிடம் பேசினேன். "பழைய புத்தகத்துக்கு உத்தரவாதம் கிடையாது அம்மா. நான் ஐந்து பாகம் என்றுதான் சொன்னேன், ஐந்து பாகம் வந்திருக்கிறதா இல்லையா?" என்றார். நேரில் பேசிப் பார்க்கலாம் என்று மறுபடி சென்னை போனேன்; கடை பூட்டியிருந்தது, அலைபேசி எடுக்கவில்லை. இரண்டு பயணத்துக்கும் சேர்த்து 3,100 ரூபாய் செலவு. திரும்பும் ரயிலில், அம்மாவிடம் என்ன சொல்வது என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

கையில் இருப்பதையாவது சரிசெய்து ஒரே மாதிரியாக ஆக்கிவிடலாம் என்று அடுத்ததாகக் கிளம்பினேன். கிழிந்த இடங்களில் செல்லோடேப் ஒட்டினேன். பத்து நாளில், ஒரு பக்கத்தைத் திருப்பும்போது டேப் அடுத்த பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு குந்தவையின் முகத்தை உரித்து எடுத்துவிட்டது. பிறகு ஒரு பைண்டிங் கடையில் கொடுத்து 2,400 ரூபாய் செலவழித்தேன். அவர் நல்ல மனிதர், ஆனால் கல்லூரி ஆய்வேடு கட்டிப் பழகியவர். ஓரம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று வெட்டும் இயந்திரத்தில் வைத்து மூன்று பக்கமும் சீவிவிட்டார். பக்க எண்கள் போயின. முதல் தொகுதியில், நான் அத்தனை சந்தோஷப்பட்ட அந்த ஏரிக்கரைப் படத்தின் மூலையிலிருந்த கையெழுத்தும் போயிற்று. உண்மையாகவே மதிப்புள்ளதாக என்னிடம் வந்தது அந்த ஒரு தொகுதிதான். அதையும் என் கையாலேயே கெடுத்தேன்.

ஆகவே பழைய தொகுதியைப் பைண்டிங்குக்குக் கொடுத்தால் "ஓரம் வெட்டக் கூடாது" என்று வாயால் சொன்னால் போதாது, முதல் பக்கத்தில் ஒரு சீட்டில் எழுதிச் செருகிக் கொடுங்கள். கிழிசலுக்கு மிக மெல்லிய தாளும் மாவுப் பசையும்தான் சரி. தண்ணீர் தொட்டால் திரும்ப எடுத்துவிடலாம். டேப், லேமினேஷன் இரண்டையும் நினைக்கவே நினைக்காதீர்கள். அந்துருண்டை விஷயத்திலும் சூடுபட்டேன். பூச்சிக்குப் பயந்து தொகுதிகளுக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு உருண்டைகள் போட்டு வைத்தேன். அம்மாவின் அறையில் வைத்த அன்று இரவே அவருக்குத் தலைவலியும் குமட்டலும். வயதானவர்கள் படுக்கும் அறையில் அது கூடவே கூடாது. இப்போது வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து வைக்கிறேன், மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தட்டுகிறேன். எந்த மருந்தையும்விட அந்தத் தட்டுதல்தான் பயன்படுகிறது.

26,000, 480, 3,100, 2,400. கூட்டினால் 31,980 ரூபாய். என் ஓய்வூதியத்தில் ஒரு மாதத்தின் பெரும்பகுதி. இத்தனைக்கும் கதை மட்டும் வேண்டுமென்றால் காசே செலவழிக்க வேண்டியதில்லை. கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமை ஆக்கப்பட்டுவிட்டன. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அதனால் மலிவுப் பதிப்புகள் நிறைய. தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாகத் தருவதற்காக 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இணையத்தளத்தில் முழு நாவலும் இலவசமாக இருக்கிறது. என்னைப் போல் பழைய இதழும் ஓவியமும்தான் வேண்டும் என்பவர்கள், பணத்தைத் தொடுவதற்கு முன் நூலகத்தை அணுகுங்கள். சென்னை தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூரில் ஒரு தனிமனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களையும் இதழ்களையும் கொண்டு 1994இல் உருவானது. எழும்பூர் கன்னிமாரா நூலகம் 1896இலிருந்து இருக்கிறது. இரண்டு முறை சென்னை போனேன், இரண்டு முறையும் இவற்றின் வாசலைக்கூட மிதிக்கவில்லை. எனக்கு வேண்டியது பார்ப்பதா, படிப்பதா, சொந்தமாக வைத்திருப்பதா என்று நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. மூன்றுக்கும் செலவு வேறு, வழி வேறு.

இதற்கிடையில் அம்மா தினமும் கேட்டுக்கொண்டிருந்தார், பைண்டிங் ஆயிற்றா என்று. பேச்சை மாற்றுவதற்காகக் கமலாம்பாள் சரித்திரத்தை எடுத்துப் படிக்கத் தொடங்கினேன். ராஜமய்யர் 1893இலிருந்து விவேக சிந்தாமணி இதழில் எழுதியது. கல்லூரி நாளில் அதை நான் இருபது பக்கத்துக்கு மேல் படித்ததில்லை. வாக்கியம் நீளம், வடமொழிச் சொல் அதிகம், முற்றுப்புள்ளி எப்போது வரும் என்று கண் தேடும். வாய்விட்டுப் படித்தபோதுதான் தெரிந்தது, அது பேச்சுக்காக எழுதிய நடை. மூச்சு விடும் இடத்தில் வாக்கியம் தானாக மடிந்து கொடுக்கிறது. ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை வரும் இடங்களில் அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பழைய நாவல்களுக்குள் நுழைய முடியவில்லை என்பவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்லும் வழி இது: முதல் ஐம்பது பக்கத்தை உரக்கப் படியுங்கள், முடிந்தால் ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். கடினச் சொல்லுக்கெல்லாம் அகராதியைத் தேடி நிறுத்தாதீர்கள். மூன்றாவது முறை அந்தச் சொல் வரும்போது பொருள் தானாகப் பிடிபட்டிருக்கும்.

பொங்கல் முடிந்து, வெட்டிச் சீவிய அந்த ஐந்து தொகுதிகளை அம்மா மடியில் வைத்தேன். கண் மங்கலாக இருந்தாலும் விரலுக்கு மறதி இல்லை. அட்டையைத் தடவினார், உள்ளே ஓரத்தைத் தடவினார். "இது நம் வீட்டுப் புத்தகம் இல்லையே. நம்முடையதில் தாத்தா உள்பக்கம் நூலை முடிச்சுப் போட்டு விட்டிருப்பார். அக்கா சமையலறையில் வைத்துப் படித்து மஞ்சள் கறை பட்டிருக்கும்" என்றார். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன், கரையானில் தொடங்கி அந்த 32,000 வரை. அம்மா கோபப்படுவார் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "நம்முடையதும் முழுத் தொகுப்பு இல்லையடி. ஒரு வாரத்து இதழ் அதில் கிடையாது. 1952 புயலில் ரயில் வரவில்லை, தபால் வரவில்லை, அந்த வாரத்துப் புத்தகம் கடைசிவரை நம் வீட்டுக்கு வரவேயில்லை. தாத்தா அந்த இடத்தில் இரண்டு வெள்ளைத்தாள் வைத்துத் தைத்திருந்தார். நீ சின்னவள், பார்த்திருக்க மாட்டாய்" என்றார். முழுத் தொகுப்பு, முழுத் தொகுப்பு என்று நான் அலைந்த அத்தனை நாளும் அந்த வெள்ளைத்தாள்கள் யாருக்கும் நினைவில் இல்லை, அம்மாவைத் தவிர.

அதன்பிறகு பெரிய எழுத்தில் அச்சிட்ட சாதாரணப் பதிப்பு ஒன்றை வாங்கினேன். மலிவுப் பதிப்பு வாங்கும்போது நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து எழுத்தின் அளவையும் பிழைகளையும் பாருங்கள். சிலவற்றில் வரிகளே விட்டுப்போயிருக்கின்றன, சில சுருக்கப் பதிப்புகள் என்று உள்பக்கத்தில் சிறிதாகப் போட்டிருக்கிறார்கள். மாலை ஐந்தரைக்கு உட்கார்ந்து நாளைக்கு இரண்டு அத்தியாயம். மணியம் ஓவியம் வரும் இடத்தில் அந்த முதல் தொகுதியைத் திறந்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை அம்மா கையில் கொடுப்பேன். கரையான் விட்டுவைத்த 31 அத்தியாயங்கள் வந்தபோது அவற்றை மட்டும் எங்கள் வீட்டுத் தாளிலேயே படித்தோம், ஒவ்வொன்றாக உறையிலிருந்து எடுத்து. அதில் மஞ்சள் கறை இருந்தது.

சரித்திர நாவல் படிக்கும்போது எது நடந்தது, எது கற்பனை என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கும். எங்களுக்கும் வந்தது. ஆதித்த கரிகாலன் கொலையுண்டது உண்மை. காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடிக் கோயில் கல்வெட்டில், ரவிதாசன் முதலானவர்களைப் பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று பெயர் சொல்லி, அவர்கள் உறவினர்களின் சொத்தைப் பறிமுதல் செய்த செய்தி இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்டிருக்கிறது. நந்தினி கல்கியின் கற்பனை. இதை நான் சொன்னபோது அம்மாவுக்கு வருத்தம். கிணற்றடியில் அத்தனை வாதம் செய்தது இல்லாத ஒருத்திக்காகவா என்று கேட்டார். என் அனுபவத்தில், முதல் முறை படிக்கும்போது கல்வெட்டைத் தொடாமல் கதையின் போக்கிலேயே போவது நல்லது. முடித்த பிறகு சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரத்தைப் புரட்டினால், கல்கி எந்த இடத்தில் வரலாற்றை விட்டு விலகி நடந்தார் என்பது தெரியும், அதுவே தனியாக இன்னொரு சுவை.

போன வாரம் ஐந்தாம் பாகத்தில் நாகப்பட்டினத்துப் புயலுக்கு வந்தோம். சூடாமணி விகாரத்தைக் கடல் சூழ்கிறது. நான் படித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். திண்ணையில் பெரியம்மா இதைப் படித்த நாளில் அங்கே உட்கார்ந்திருந்த ஒருவரும் பேசவில்லையாம். அதற்கு முன்னால் அடித்த புயலில் இழக்காதவர்கள் அந்தத் தெருவிலேயே இல்லை. பிறகு, 1952 நவம்பர் கடைசியில் ஓடு பறந்த அந்த இரவைச் சொல்லத் தொடங்கினார். தென்னை ஒன்று கிணற்றின் மேல் குறுக்கே விழுந்தது, தாத்தா அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றியது, பெரியம்மா மற்ற இதழ்களையெல்லாம் வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தது. இதுவரை ஒருமுறைகூட என்னிடம் சொன்னதில்லை. விளக்கு வைக்கும் நேரம் தாண்டியும் சொல்லிக்கொண்டே இருந்தார். புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.